மூன்றாம் பிரஸ்ஸில் விழுந்த சுழி

சாணைக்கல் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ஏழு என்றுதான் கூப்பிட்டார்கள். கல்லைப் பார்த்துத் தேறியது, தேறாதது என்று முடிவு சொல்பவர்களுக்கு ஆளுக்கொரு ரப்பர் முத்திரை உண்டு. அவளுடைய முத்திரையில் இருந்த எண் ஏழு. கல்லின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் பதினெட்டு வருஷம் அதைக் குத்திக் குத்தி, கடைசியில் எண் அவள்மேல் ஒட்டிக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, பாவம், இவளுக்கு ஏழு பிள்ளைகள் போலிருக்கிறது என்று ஒரு மாதம் முழுக்கப் பரிதாபப்பட்டிருக்கிறாள். அவளுக்குப் பிள்ளையே கிடையாது.

வேலை பார்ப்பதற்கு எளிதாகத்தான் தெரியும். கல்லின் துளையில் ஒரு விரலை விட்டுத் தூக்கிப் பிடித்து, மரச்சுத்தியலால் ஒரு தட்டு. மணி மாதிரி ஒலித்தால் நல்ல கல். சொத்தென்று ஒலித்தால் உள்ளே விரிசல். பிறகு விளக்குக்கு நேரே இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கடைசியாகக் கட்டைவிரலால் ஒரு தடவு. ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது கல். சேர்ந்த அன்றே எல்லோருக்கும் சொல்லிவிடுவார்கள், இது ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றும், அந்த வேகத்தில் பிளந்தால் அப்புறம் அது கல் இல்லை, குண்டு என்று.

அவள் கணவன் அதே தொழிற்சாலையில் மூன்றாம் பிரஸ்ஸில் இருந்தான். மணல் போன்ற தூளை வட்ட அச்சில் கொட்டினால், மட்டக்கை என்கிற இரும்புக் கை சுற்றி வந்து அதைச் சமமாகப் பரப்பும். அதன்மேல் பிரஸ் இறங்கும். அப்படிப் பிறக்கும் பச்சைக் கல் சூளைக்குப் போய் இறுகி, அவள் மேஜைக்கு வரும். புருஷன் பெற்றுப் போடுகிறான், பெண்டாட்டி பெயர் வைக்கிறாள் என்று தொழிற்சாலையில் கேலி பேசுவார்கள். அவனுக்கு அந்தக் கேலி பிடிக்கும். முன்கோபக்காரன். இருபது வருஷத்தில் இரண்டு முறை அவள்மேல் கை வைத்திருக்கிறான். இரண்டு நாளும் அவளுக்குத் தேதியோடு நினைவிருந்தது.

அவளுடைய தம்பி இரண்டு தெரு தள்ளி ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தான். வார்த்த இரும்பின் ஓரங்களைச் சாணையில் பிடித்து வழவழப்பாக்கும் வேலை. அக்கா புருஷனும் அவனும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகம்.

நாலு வருஷத்துக்கு முன்னால், காலை பத்து மணி இருக்கும், பட்டறையிலிருந்து ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடிவந்தான். என்ன என்று சொல்லாமல் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் மரச்சுத்தியலோடு அப்படியே ஓடினாள்.

பட்டறையில் தூசி இன்னும் அடங்கவில்லை. கல் மூன்று பெரிய துண்டாகவும் சிறு சிறு துண்டுகளாகவும் பிளந்திருந்தது. ஒரு துண்டு கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வானத்துக்குப் போயிருந்தது. இன்னொன்று எதிர்ச்சுவரில் தலை அளவுக்கு ஒரு குழி தோண்டிக் கீழே கிடந்தது. மூன்றாவது துண்டு, முன்னால் இருந்த இரும்பு மூடியைத் தகரம் மாதிரி விரித்துவிட்டுத் தம்பியின் தாடைக்குக் கீழே புகுந்திருந்தது. ஒருக்களித்துக் கிடந்தான். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. முகத்தில் இடது பக்கம் என்று எதுவும் மிச்சமில்லை. வலது கண் மட்டும் திறந்து, எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல இருந்தது. மோட்டாரை யாரும் நிறுத்தவில்லை. கல் இல்லாத வெறும் தண்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அதை அவள்தான் போய் நிறுத்தினாள்.

திரும்பி வந்து அவன் தலையை மடியில் தூக்கி வைத்தபோது கையெல்லாம் வழுக்கியது. அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் பிறைத் துண்டாக ஒரு கல். அதில் பாதி கிழிந்த காகிதம். பிரஸ் எண் மூன்று. முத்திரை எண் ஏழு.

கூட்டம் சேர்வதற்குள் அந்தத் துண்டு அவள் முந்தானைக்குள் போய்விட்டது. ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை தானாகப் போனது என்றுதான் பிற்பாடு சொன்னாள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். தொழிற்சாலையின் சூப்பர்வைசர், எங்கள் கல் சோதித்து அனுப்பப்பட்டது என்று சாட்சி சொன்னார். அவளையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். தன் மேஜையைத் தாண்டிய எந்தக் கல்லும் சத்தத்தில் சரியாக இருந்தது, பார்வைக்கும் சரியாக இருந்தது என்றாள். பொய் இல்லை. ஆனால் வீட்டுப் பெட்டிக்கடியில் துணி சுற்றி வைத்திருந்த துண்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதை எத்தனையோ முறை வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தாள். குறை எதுவும் கண்ணில் படவில்லை. படாததால் தம்பிதான் எங்கேயோ பிசகியிருப்பானோ என்று பாதி மனது நினைத்தது. மீதி மனது அதை நம்பவில்லை. விசாரணைக்காரர்கள் சுலபமாக எழுதிவிட்டுப் போனார்கள்: தொழிலாளி கல்லைக் கோணலாக மாட்டி, பக்கவாட்டில் அழுத்தியிருக்கிறார்.

தம்பி மனைவியும் ஏழு வயது மகளும் அவள் வீட்டின் பின்னறைக்குக் குடிவந்தார்கள். தம்பி மனைவி அழுது ஓய்ந்தபின் திட்ட ஆரம்பித்தாள். செத்தவனைத்தான். ஒரு கல்லை நேராக மாட்டத் தெரியாத ஆளை நம்பிக் கழுத்தை நீட்டினேனே என்பாள். மகள் தண்ணீரைச் சிந்தினால், நோட்டைத் தொலைத்தால், அப்பனுக்கு இருந்த அதே கவனக்கேடு என்பாள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் ஏழு எழுந்து பின்பக்கம் போய், துவைத்த துணியையே மறுபடி துவைப்பாள். நாலு வருஷம் இப்படியே போனது. சிறுமி எதையும் தொடவே பயப்படுகிற பிள்ளையாக வளர்ந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள்.

அப்போதுதான் தொழிற்சாலைக்குக் கேமரா வந்தது.

ஆள் நிற்கும் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே ஒரு சுழல்மேடை, அதற்கு நேர் மேலே கேமரா, சுற்றிலும் மேடையின் மட்டத்தோடு ஒட்டினாற்போல் ஆறு விளக்குகள். அதோடு வந்தவள் இருபத்தாறு வயது என்ஜினியர். அவளை எல்லோரும் கேமராப் பொண்ணு என்றார்கள். பெட்டியைக் கண்டதும் மேஜைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இது படிக்க ஆரம்பித்துவிட்டால் நமக்கு டிக்கெட்தான் என்று பேசிக்கொண்டார்கள். படிக்க வைக்க ஒரு ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசர் ஏழு பக்கம் கை காட்டினார். அவள் தலையாட்டினாள். மற்றவர்கள் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

நாலு மாதம், திரையில் வரும் படங்களைப் பார்த்து நல்லது, கெட்டது என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாயிரம் படம். கேமராப் பொண்ணு பொறுமையாக விளக்கினாள். ஆறு விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக எரியும், ஆறு படம் விழும். ஒவ்வொரு படத்தையும் நகக்கண் அளவு கட்டங்களாகக் கம்ப்யூட்டர் வெட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் வெளிச்சமும் நிழலும் எவ்வளவு அடர்த்தியாக மாறிமாறி வருகின்றன என்று கணக்கிடும். நல்ல கல்லில் எந்தக் கட்டத்தை எடுத்தாலும் அந்தச் சொரசொரப்பு ஒரே மாதிரி இருக்கும். வேறு மாதிரி இருக்கும் கட்டத்தைச் சிவப்பாகக் காட்டும். ஏழுக்கு உடனே புரிந்தது. தன் கட்டைவிரல் இத்தனை காலம் செய்த வேலைதான், இது கண்ணால் செய்கிறது.

ஐந்தாம் மாதம் சண்டை வந்தது. ஏழு தேறியது என்று ஒதுக்கிய கற்களில் பெட்டி சிவப்புக் காட்டியது. ஒன்றிரண்டு இல்லை, ஒரே வரிசையில் பதினாறு. அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டினாள். மணி மாதிரி ஒலித்தது. தடவினாள். ஒன்றுமில்லை. உன் மெஷினுக்குக் கண்ணாடி போட்டுவிடு என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு எழுந்தாள்.

கேமராப் பொண்ணு அவளை மறுபடி உட்காரவைத்தாள். நாலு விளக்கில் எடுத்த படங்களில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது விளக்கு மிகச் சாய்வாகப் பட்ட படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கல்லின் முகத்தில், துளைக்கும் ஓரத்துக்கும் நடுவே, மணிகள் ஒரு பக்கமாகப் படுத்துச் சுழன்றிருந்தன. பிள்ளையின் உச்சந்தலையில் மயிர் சுழித்திருக்குமே, அப்படி. மேலிருந்து வெளிச்சம் அடித்தால் எந்த மனுஷக் கண்ணுக்கும் தெரியாத சுழி.

பதினாறு கல்லும் மூன்றாம் பிரஸ்ஸில் போட்டவை.

சுழி இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரே வழிதான். தொழிற்சாலையின் மூலையில் கனத்த இரும்புச் சுவர் வைத்த ஒரு அறை. அதில் கல்லை மாட்டிக் கதவைப் பூட்டி, வழக்கமான வேகத்தைவிட ஒன்றரை மடங்கு சுற்றிப் பார்ப்பார்கள். எல்லாக் கல்லையும் அப்படிப் பார்க்க வேண்டும் என்பது விதி. இருபதில் ஒன்றைப் பார்த்தால் போதும் என்பது சூப்பர்வைசரின் விதி.

பதினாறில் பத்து எடுத்தார்கள். முதல் கல் வேகம் ஏறஏற ஊளையிட்டது. சோதனை வேகத்தில் முக்கால்கூடத் தொடவில்லை. இரும்பு அறை உள்ளிருந்து எட்டி உதைக்கப்பட்டதுபோல் அதிர்ந்தது. வெளியே மேஜையிலிருந்த தண்ணீர்ப் பாட்டில் உருண்டு விழுந்தது. இரண்டாவது கல்லும் அப்படியே போனது. மூன்றாவது வெடித்தபோது கதவின் தாழ்ப்பாள் போல்ட் ஒன்று முறிந்து, கேமராப் பொண்ணின் காதோரம் பறந்து சுவரில் அடித்தது. அவள் ஓரமாய்ப் போய் வாந்தி எடுத்தாள். வேறு போல்ட் போட்டுப் பூட்டிவிட்டு ஏழு அடுத்த கல்லை மாட்டினாள்.  ஒவ்வொரு வெடிப்புக்கும் அவளுக்கு ஒரு முகம் பாதியாகத் தெரிந்தது. பத்தில் ஒன்பது வெடித்தன.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு நடந்தாள். பெட்டிக்கடியில் இருந்த துணிமூட்டையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அந்தப் பிறைத்துண்டைச் சுழல்மேடையில் வைத்தாள். ஆறு விளக்கும் மின்னின. துண்டின் உடைந்த விளிம்பை ஒட்டி, பாதிச் சுழி, சிவப்பாக வந்தது.

"இது எங்கக்கா கிடைச்சுது?" என்றாள் கேமராப் பொண்ணு.

"என் தம்பி காலடியில."

மறுநாள் காலை சூப்பர்வைசர் கேமரா அறைக்கு வந்தார். மூன்றாம் பிரஸ்ஸின் கற்களில் பாதிக்கு மேல் கழிவு என்று தாள் போயிருந்தது. அவர் குரல் உயர்த்துகிறவர் இல்லை. சிரித்துக்கொண்டே பேசினார். இப்படிக் கழித்தால் லாரி காலியாகத்தான் போகும், ஒன்றரை மடங்கு வேகத்தில் யார் ஓட்டப்போகிறார்கள், கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லம்மா அதை என்றார். கேமராப் பொண்ணு, கேமரா கழிக்கும் எல்லையை மாற்ற வேண்டுமானால் எழுத்தில் கொடுங்கள் சார் என்றாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. மூன்றாம் பிரஸ்காரனைக் கூப்பிடச் சொன்னார்.

ஏழின் கணவன் வந்தான். பிரஸ்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவன் கையில் முழங்கை நீளத்துக்கு ஸ்பேனர். சூப்பர்வைசர் திரையைக் காட்டி, பார், எல்லாம் உன் கைவேலைதான், தூளை ஒழுங்காகப் பரப்பத் துப்பில்லை என்றார். அவன் சிவப்புப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். மட்டக்கை தேய்ந்து ஆடுகிறது என்று மூன்று முறை ஷிப்ட் நோட்டில் எழுதியிருக்கிறேன் சார், தகடு சொருகி ஓட்டு என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றான். எப்போதிலிருந்து ஆடுகிறது என்று ஏழு கேட்டாள். அவன் யோசித்து, அஞ்சு வருஷம் இருக்கும் என்றான்.

அவள் துணியைப் பிரித்துத் துண்டை மேஜையில் வைத்தாள். காகிதத்தில் காய்ந்த ரத்தம் பழுப்பாக இருந்தது. அதன்மேல் மூன்று. அதன்மேல் ஏழு.

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. மச்சானைத் தோளில் சுமந்து வண்டியில் ஏற்றியவன் அவன்தான்.  சூப்பர்வைசர் அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தார். பழசையெல்லாம் எதுக்குக் கிளறணும், போனவன் போயிட்டான் என்றார்.

ஸ்பேனர் அவர் தாடையில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம், காய்ந்த விறகை முறித்ததுபோல் அறை முழுக்கக் கேட்டது. அவர் நாற்காலியோடு சரிந்தார். வாயிலிருந்து ரத்தமும் இரண்டு பல்லும் சட்டையில் வழிந்தன. அவன் குனிந்து காலரைப் பிடித்துத் தூக்கி, இன்னொரு முறை அடித்தான். இந்த அடி தோள்பட்டையில் விழுந்தது. கேமராப் பொண்ணு குறுக்கே போய் அவன் கையைப் பிடிக்கப் பார்த்தாள். அவன் உதறிய உதறலில் அவள் விளக்குச் சட்டத்தில் போய் மோதினாள். கண்ணாடி உடைந்து புருவத்தைக் கிழித்தது. ஒரே நொடியில் அவள் முகம் சிவப்பாகிவிட்டது. அவன் அதைக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியின் பக்கம் திரும்பினான். முதல் அடியில் ஒரு விளக்கு போனது. இரண்டாவதில் இன்னொன்று. திரையில் அந்தச் சுழி இன்னும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து, மிருகம் மாதிரி ஒரு சத்தம் போட்டான்.

ஏழு கேமராவுக்கு முன்னால் போய் நின்றாள். பெட்டிமேல் அவளுக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. தம்பி மேல் தப்பில்லை என்று உலகத்தில் எடுத்துச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதற்குள் இருந்தது. நாலு வருஷம் அவள் சொல்லாததை அது ஒரு மத்தியானத்தில் சொல்லியிருந்தது.

நகரு என்றான். நகரவில்லை. ஸ்பேனர் அவள் இடது தோளில் விழுந்தது. கை செத்ததுபோல் தொங்கியது. இரண்டாம் முறை ஓங்கினான். வலது கையில் எப்போதும் இருக்கும் அந்த மரச்சுத்தியலை அவள் முழுப் பலத்தோடு சுழற்றி அவன் மணிக்கட்டில் அடித்தாள். ஸ்பேனர் தெறித்தது. மணிக்கட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. மறுபடியும் அடித்தாள், முழங்கையில். மறுபடியும். அவன் மண்டியிட்ட பிறகும் அவள் கை நிற்கவில்லை. கேமராப் பொண்ணு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே வந்து பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்தபோதுதான் நின்றது.

அவன் தரையில் உட்கார்ந்தபடி, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"கல்லைப் போட்டது நானு. பாஸ் பண்ணுனது நீ. சரி, அது ரெண்டும் தெரியாம நடந்துச்சு. நாலு வருஷமா வாயை மூடிட்டு இருந்தியே, அது?"

 போலீஸ் வந்தது. ஆம்புலன்ஸ் இரண்டு வந்தன.

தோளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது பிற்பகல் மூன்று மணி. தம்பி மனைவி வாசலுக்கு ஓடிவந்து என்ன ஆயிற்று என்று பதறினாள். ஏழு அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தான் நின்றுகொண்டே சொன்னாள். கல்லில் இருந்த சுழியைச் சொன்னாள். முத்திரையைச் சொன்னாள். பெட்டிக்கடியில் இருந்ததைச் சொன்னாள்.

 தம்பி மனைவி எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தாள். இன்னொரு கன்னத்தில் அறைந்தாள். தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினாள். "நாலு வருஷம், அண்ணி. நாலு வருஷம் அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தேனே. நீங்க பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டுத்தானே இருந்தீங்க" என்றாள். செருப்பை எடுத்தாள். ஏழு கையைத் தூக்கவில்லை. முகத்தை மறைக்கவும் இல்லை. கட்டுப் போட்ட தோளில் அடி விழுந்தபோது மட்டும் உயிர் போய் வந்தது. மூக்கிலிருந்து ரத்தம் கோடாக இறங்கிச் சேலையில் சொட்டியது. அடிக்கிறவள் அழுதுகொண்டே அடித்தாள். அடிபடுகிறவளுக்குக் கண்ணீர் வரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டுச் சிறுமி உள்ளே வந்தாள். புத்தகப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவின் கையில் தொங்கினாள். யாரும் எதுவும் விளக்கவில்லை. ஆனால் அம்மா கத்திய வார்த்தைகளில் பாதி அவள் காதில் விழுந்திருந்தது.

"அத்தை, அப்போ அப்பா தப்பா மாட்டலையா?"

"இல்லம்மா. உங்கப்பா சரியாத்தான் மாட்டினான். கல்லுதான் தப்பு. அதை நல்ல கல்லுன்னு சொன்ன நான் தப்பு."

 சிறுமி உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து பத்தொன்பது நாள் பின்னறைக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஒருவர் நிழல்மேல் இன்னொருவர் கால் படாமல் இரண்டு பெண்களும் நடமாடினார்கள்.

வெளியே காரியங்கள் வேகமாக நடந்தன. கேமராப் பொண்ணின் புருவத்தில் ஆறு தையல். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே அவள் எல்லாப் படங்களையும் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்பிவிட்டாள். அதிகாரி வந்து ஷிப்ட் நோட்டைப் புரட்டினார். மட்டக்கை ஆடுகிறது என்று மூன்று இடத்தில் பிரஸ்காரனின் கோழிக்கிறுக்கல். ஒவ்வொன்றின் கீழும் சூப்பர்வைசரின் அழகான கையெழுத்து. பழைய விசாரணையைத் திறந்தார்கள். ஏழு போய், மறைத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். கல்லை மாட்டியதிலோ அழுத்தியதிலோ இறந்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று புதிய தாள் வந்தது. சூப்பர்வைசர் தாடையில் கம்பி கட்டிக்கொண்டு வழக்கில் நின்றார். வழக்கு முடிந்ததும் கணவனுக்கு ஐந்து மாதம் சிறை கிடைத்தது. பார்க்கப் போனவளிடம் முதல் இரண்டு முறை அவன் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் முறை, கை கோணலாகத்தான் கூடியிருக்கிறது என்று மட்டும் காட்டினான்.

இதற்கெல்லாம் முன்பே, அந்தப் பத்தொன்பது நாளுக்குள்ளேயே, கடைசி ஆறு மாதத்தில் மூன்றாம் பிரஸ்ஸில் போட்ட கற்களையெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லித் தொழிற்சாலை கடிதம் போட்டது. வெளியூர்க்காரர்கள் அனுப்பினார்கள். உள்ளூர்ப் பட்டறைகளிலிருந்து ஒரு கல்கூட வரவில்லை. நன்றாக ஓடுகிற கல்லை யார் கழற்றுவார்கள்? முந்நூற்றுப் பன்னிரண்டு கல். கண்ட இடத்திலேயே உடைத்துவிட்டு வர ஒரு ஆள் வேண்டும் என்று, சூப்பர்வைசர் இடத்துக்கு வந்த புது மேனேஜர் சொன்னார். ஏழு பட்டியலை வாங்கிக்கொண்டாள்.

இருபதாம் நாள் காலை அவள் பையில் சம்மட்டியை வைத்துக்கொண்டு கிளம்பியபோது, தம்பி மனைவி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு ஒரு கைதான் தூக்க வரும். நானும் வர்றேன்."

அவ்வளவுதான் பேசினாள்.

பட்டறை பட்டறையாகப் போனார்கள். ஏழு மோட்டாரை நிறுத்தச் சொல்லி, காகிதத்தில் எண் பார்த்து, கல்லைக் கழற்றித் தரையில் வைப்பாள். தம்பி மனைவி சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் போடுவாள். முதல் நாள் அவளுக்குக் குறி தவறியது. இரண்டாம் நாள் ஒரே அடியில் நாலாகப் போட்டாள். பத்தாம் நாள், ஒரு கல்லுக்கு ஒரு அடி போதுமென்றாலும் ஏழெட்டு அடித்து மாவாக்கினாள். யாரும் தடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒரு பட்டறை முதலாளி மட்டும், பொம்பளைங்க வந்து பட்டறையை ஒடைக்கிறாளுங்க என்று தம்பி மனைவியின் கையைப் பிடித்துத் தள்ளினான். தம்பி மனைவி விழுந்த இடத்திலிருந்தே கல்லைத் தூக்கி அவன் பூட்ஸுக்கு முன்னால் போட்டு உடைத்தாள். சில்லு தெறித்து அவன் முழங்காலைக் கீறியது. "சும்மா கிடக்கறப்பவே இது இப்படித் தெறிக்குது. சுத்தும்போது முகத்துல வாங்கிப் பார்க்கறியா?" என்றாள். அவன் மீதி நாலு கல்லையும் தானே கழற்றிக் கொடுத்தான்.

தம்பி இறந்த பட்டறைக்கும் போனார்கள். சுவரில் குழி இருந்த இடத்தைச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள். தம்பி மனைவி அதைத் தொட்டுப் பார்க்கவில்லை, அழவும் இல்லை. அங்கே இருந்த மூன்று கல்லையும் உடைத்துவிட்டு, வெளியே வந்து தெருக்குழாயில் கைகால் கழுவினாள். ஏழுக்கும் குழாயைத் திறந்து பிடித்தாள்.

மூன்றாம் பிரஸ்ஸுக்குப் புது மட்டக்கை வந்தது. கறுப்புப் பெட்டிக்குப் புது விளக்குகள் வந்தன. மேஜைக்காரர்களில் இரண்டு பேருக்கு வேலை போனது உண்மைதான், அவர்கள் இன்றைக்கும் அவளைத் தெருவில் கண்டால் காறித் துப்புகிறார்கள்.  பெட்டி சிவப்புக் காட்டும் கல்லை அவளும், அவள் சந்தேகப்படும் கல்லைப் பெட்டியும் பார்ப்பதென்று ஆகிவிட்டது. இரண்டில் ஒன்று வேண்டாம் என்றாலும் கல் உடைபடும். கணவன் வெளியே வந்து ஒரு கிடங்கில் மூட்டைக்குச் சீட்டுப் போடுகிறான். வீட்டில் பேச்சு குறைவு. ஒருநாள் சாப்பிடும்போது, ஓங்கி அடிச்சே பாரு என்று மணிக்கட்டைத் தடவிக்கொண்டு லேசாகச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு கரண்டி போட்டாள். பின்னறைக் கதவு இப்போது பகலில் திறந்திருக்கிறது. அண்ணி என்ற வார்த்தை எப்போதாவது வரும்.

முந்நூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று எண்பத்தொன்றை உடைத்தார்கள். மீதி முப்பத்தொன்று எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கைமாறியிருக்கும், தேய்ந்து தீர்ந்திருக்கும், விட்டுவிடு என்று மேனேஜர் பட்டியலை மூடச் சொல்லிவிட்டார்.

அவள் விடவில்லை. எங்கே போனாலும் சாணை ஓடும் சத்தம் கேட்டால் நின்றுவிடுவாள். உள்ளே போய் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் காகிதத்தைப் பார்ப்பாள். பார்க்க விடுகிறவர்களும் உண்டு, விரட்டுகிறவர்களும் உண்டு. போன வாரம் ஒரு பூட்டுப் பட்டறையில் ஒருவன் அவளைப் பிடித்துத் தெருவில் தள்ளிவிட்டான். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. அவள் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, சந்து வழியாகச் சுற்றிப் போய்ப் பின்கதவால் உள்ளே நுழைந்தாள்.